கொல்லைமேட்டுக் குழாயில் வேம்புலி

2025 ஜனவரி 5, ஞாயிறு. நேற்று காலை குழாயில் வந்தது நாகஸ்வரம் என்று எழுதியிருந்தேன். தவறு. அது கிளாரினெட். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்ததால் குரல் கரகரத்திருந்தது. நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். நாகஸ்வரம் வழக்கம்போல இன்றுதான் வந்தது. முறை மாறவில்லை. திருத்திக்கொள்கிறேன்.

இதை எழுதிய அகல்யாவுக்கு இருபத்துமூன்று வயது. பகலில் பாடி பகுதியில் ஒரு வால்வு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. மாலையில் கரையான்சாவடி மெயின் ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடியில் சுருக்கெழுத்து வகுப்பு. கை வேகம் வருவதற்குத் தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னதை மற்றவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள். அகல்யா மறக்கவில்லை. எழுதியதை மறுநாள் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் தேதி போட்டுத் திருத்துவாள். தப்பு இல்லாவிட்டால் சரியாகப் படிக்கவில்லையோ என்று இன்னொரு தடவை படிப்பாள்.

கொல்லைமேட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு இசை வருவது 2011இலிருந்து. கரையான்சாவடியை ஒட்டிய அந்த ஊரில் வயல்கள் மனையாகி, மனைகள் அடுக்குமாடியாகி, எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய பிறகு, பழைய ஆட்களும் புதிய ஆட்களும் சேர்ந்து ஒரு நலச்சங்கம் வைத்தார்கள். பக்கத்து நகரில் பூங்கா இருந்தது, அதற்கடுத்த நகரில் நூலகம் இருந்தது. நமக்கும் ஏதாவது வேண்டும் என்று பேசி, வட்டாரத்து இசைக்காரர்களுக்கு ஒரு புகழ் மண்டபம் அமைப்பதென்று முடிவாயிற்று. மண்டபம் கட்ட இடமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் ஒரு வட்ட அறை பூட்டிக் கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, காலமான கோயில் நாகஸ்வரக்காரர் மணவாளனின் படத்தை முதலில் மாட்டினார்கள். மறுநாள் காலை எல்லார் வீட்டுக் குழாயிலும் நாகஸ்வரம் வந்தது. குழாயை மூடினால் நின்றது, திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. குடிநீர் வாரியத்திலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து பார்த்து, குழாயில் காற்றடைப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டுதான் தண்ணீர் வரியும் ஏறியது. இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேசினார்கள். வரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

மாட்டிய படத்தைக் கழற்றுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் போட்டுவிட்டதால், அடுத்தடுத்து யாரைச் சேர்ப்பது என்பதில் பொங்கலுக்குப் பொங்கல் பெரிய விவாதம் நடந்தது. விசிலடிப்பவர் இசைக்காரரா, மிமிக்ரிக்காரரைச் சேர்க்கலாமா, பெரிய மேடைகளில் பாடிப் பேர் வாங்கிவிட்டு இந்த வட்டாரத்தை மறந்துபோனவரை இந்த வட்டாரத்துக்காரர் என்று சொல்லலாமா என்றெல்லாம் சண்டை போட்டு, பல வருஷம் ஒருவரும் தேறாமலே கலைந்தார்கள். சேர்ந்தவர்கள் தங்களுக்குள் கிழமை பிரித்துக்கொண்டார்கள். ஞாயிறு மணவாளன். புதன்கிழமை, கல்யாண வரவேற்புகளில் இருபது வருஷம் பாடிய ரேவதி. அவள் குரலோடு பந்தியில் இலை போடும் சத்தமும் சேர்ந்து வரும். வியாழன் மாதாகோயில் ஆர்மோனியம் ஜெபா. வெள்ளி அம்மன் கோயில் பம்பைக்காரர். சனி, பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிய முகமது இஸ்மாயில். செவ்வாய்க்கிழமைதான் தகராறு. அப்போதைய தலைவரின் அக்கா மகன் பிரசன்னா என்பவன் கீபோர்டு வாசிக்கிறான் என்று சேர்த்தார்கள். மறுவாரம் குழாயில் வந்தது, கீபோர்டில் டெமோ பொத்தானை அழுத்தினால் தானாக ஓடுமே, அந்தத் துண்டு. அதுவே திரும்பத் திரும்ப வந்தது. பிரசன்னா இத்தனை வருஷம் எப்படி வாசித்தான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அவன் ஆவடிக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டான், படம் போகவில்லை. இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை, டெமோ முடிவதற்குள் குளித்துவிட்டு வா என்று பிள்ளைகளை அவசரப்படுத்துவதற்கு அது பயன்படுகிறது.

அந்தத் தப்புக்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். லாரிக்குத் தண்ணீர் பிடிக்க வட்ட அறையின் வாசலில் ஒரு குழாய் உண்டு. யாருடைய பேர் வந்தாலும் அவர் படத்தை முதலில் அந்தக் குழாய்க்கு மேலுள்ள ஆணியில் ஒரு மாலையிலிருந்து மறுமாலைவரை மாட்டுவது. அதுவரை அந்தக் குழாயில் கிழமைக்காரர் வரமாட்டார்; என்ன வருகிறது என்று கேட்டபின்தான் உள்ளே மாட்டலாமா என்று முடிவெடுப்பது. இதற்கு வாசல் ஆணி என்று பேர். நாலைந்து பேர் வாசல் ஆணியோடு நின்றுபோனார்கள்; அவர்களின் பேரைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

2025 பொங்கலுக்குத் திங்கட்கிழமை ஒன்றுதான் காலியாக இருந்தது. வாரத்துக்கு ஏழு நாள்தானே. அதனால் குழு வழக்கத்தைவிட விறைப்பாகக் கூடியது. தலைவி சுலோசனா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். ஐ.டி. கம்பெனிக்காரன் விஷ்ணு, கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலாவது மாடியில் குடியிருப்பவன். தினேஷ், ஊரின் பழைய விவசாயக் குடும்பம், இப்போது ஹார்டுவேர் கடை. நாலாவது ஆள் இஸ்மாயில் பாய். சேர்க்கப்பட்டவர்களில் கூட்டத்துக்கு ஒழுங்காக வருபவர் அவர் ஒருவர்தான். பேசுவதை எழுதிக்கொள்ளச் சுருக்கெழுத்து தெரிந்த ஆள் வேண்டுமென்று, ஓட்டு இல்லாமல், அகல்யாவை வைத்திருந்தார்கள்.

விஷ்ணு ஒரு பேரோடு வந்திருந்தான். அவன் மாடியிலேயே இருக்கும் வர்ஷா, கல்லூரி மாணவி, வீணை. அவள் வாசிப்பதை யூடியூபில் ஊர்ப்பட்ட பேர் கேட்கிறார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முடிந்தது என்று சுலோசனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்போது இஸ்மாயில் பாய் தொண்டையைச் செருமினார்.

"நம்ம வேம்புலி பேரையும் எழுதிக்கோம்மா."

"எந்த வேம்புலி?" என்றார் சுலோசனா.

"சாவு மோளம் வேம்புலி. வேற எத்தினி வேம்புலி கீறான் இங்க?"

விஷ்ணு சிரித்துவிட்டான். "ஏனுங்க பாய், காலைல சோப்புப் போட்டுட்டு நிக்கறப்ப சாவு மேளமா? எங்கம்மா பொட்டி கட்டிட்டு ஊருக்கே போயிருவாங்க."

"வீட்டுக்கு யாராவது வந்தா, யார் தவறிட்டாங்கன்னு கேப்பாங்களே," என்றார் சுலோசனா.

"மேடம், நான் கல்யாணத்துக்கு ஊதுனவன். கல்யாணமே ஆவாதவன் ஊர்ல எத்தினியோ பேர் கீறான். வேம்புலிகிட்ட தப்பிச்சவன் ஒருத்தனைக் காட்டுங்க, நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

தினேஷ் ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுக்கு இல்ல பாய். காலியா இருக்கிறது மணவாளன் ஐயா படத்துக்குப் பக்கத்து இடம். அங்கப் போயி..."

மீதியை அவன் சொல்லவில்லை, மற்றவர்கள் கேட்கவுமில்லை. எல்லாருக்கும் புரிந்தது. பாதியில் விட்ட பேச்சுக்குச் சுருக்கெழுத்தில் என்ன குறி என்று வகுப்பில் இன்னும் வந்திருக்கவில்லை. அகல்யா அங்கே ஒரு கோடு போட்டுவைத்தாள். பேர் என்று ஒன்று வந்துவிட்டால் வாசல் ஆணி உண்டு என்பது விதி. இருவருக்கும் நாள் குறித்துக் கலைந்தார்கள்.

வேம்புலி அகல்யாவின் அப்பா. இது தினேஷுக்கும் இஸ்மாயில் பாய்க்கும் தெரியும். புதிதாக வந்த மற்ற இருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது நிகழ்ச்சி ஏற்பாடு என்று சொன்னவள் அவள். தெருவில் ஊர்வலம் வந்தால் அடுத்த தெருவழியாகப் போய்ப் பழகியவள். வேம்புலிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பருத்த, கலகலப்பான ஆள். சொந்தமாக ஒரு டெம்போ, முதுகில் ஃபோன் நம்பர் போட்ட மஞ்சள் டீ-ஷர்ட்டில் நாலு ஆட்கள், மாதம் முழுக்க வேலை. ஆனால் அந்தப் பேர் அந்த அறையில் சொல்லப்பட்ட நிமிஷத்திலிருந்து, அப்பாவின் படம் அந்தச் சுவரில் ஏற வேண்டும் என்ற ஆசை அகல்யாவைப் பிடித்துக்கொண்டது. ஆசைப்பட்டதும் சந்தேகமும் வந்தது. அவர் நன்றாக அடிப்பதால் ஆசைப்படுகிறோமா, அப்பா என்பதால் ஆசைப்படுகிறோமா? அவர் அடித்து அவள் முழுதாகக் கேட்டதே இல்லை. கேட்காத ஒன்றுக்கு எப்படி மார்க் போடுவது?

அதனால் வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, வானகரத்தில் ஒரு லாரி முதலாளியின் சாவுக்குப் போனாள். எதிரில் இருந்த ஜூஸ் கடை ஓரமாக நின்று, வேறு யாருடைய அப்பாவையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். வேம்புலி குச்சிகளை ஓங்கிக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. பின்னால் நாலு பேரும் அப்படியே நின்றார்கள். பாடை தயாராகி, பூவெல்லாம் போட்டு முடிந்தும் அடிக்கவில்லை. செத்தவரின் மருமகன் செருப்பை உதறிவிட்டு ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான். குச்சி அந்தக் காலோடு சேர்ந்து இறங்கியது. அதன்பிறகு அவர் குச்சியைப் பார்க்கவே இல்லை; ஆடுகிறவர்களின் கால்களைத்தான் பார்த்தார். மருமகன் களைத்தபோது அடி தணிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு நடுவயதுப் பெண், அழுகையும் ஆட்டமுமாகக் கையை வீசியபோது, அவள் கீழே விழாதபடி அடி வந்து தாங்கிப் பிடித்தது. தன் வலது கால் தன்னைக் கேட்காமல் தரையைத் தட்டிக்கொண்டிருப்பதை அகல்யா கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். குறிப்பில் இரண்டு வரிதான் எழுதினாள். தொடங்கத் தாமதம், இது குறை. மற்றதில் குறை சொல்லத் தெரியவில்லை.

ஊர்வலம் கடக்கும்போது வேம்புலி அவளைப் பார்த்துவிட்டார். "இன்னாமே இங்க நிக்கிற? தெரிஞ்சவங்களா?"

"சும்மாதான் நைனா."

"சும்மா சாவுக்கு யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டுவிட்டு அடித்துக்கொண்டே போய்விட்டார்.

வர்ஷாவின் படம் வெள்ளிக்கிழமை மாலை ஏறியது. வீணை மிக நன்றாக இருந்தது. தண்ணீர் மட்டும் நூல்போல இழைந்து இழைந்து வந்தது. ஒரு குடம் நிறைய ஒரு ராகம் தேவைப்பட்டது. தண்ணீர் பிடிக்க வந்த லாரி டிரைவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது, ஆனா இத்தப் புட்சிகினு நான் எப்ப போறது?" என்று வேறு தொட்டிக்குப் போனான். குழு அதைப் பொருட்படுத்தவில்லை. சனிக்கிழமை மாலை வர்ஷாவின் படத்தை இறக்கிவிட்டு வேம்புலியின் படத்தை ஏற்றினார்கள். பூந்தமல்லி ஸ்டுடியோவில் நீலத்திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு, மீசைக்குச் சாயம் போட்டு எடுத்த படம். சுலோசனா காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றார். விஷ்ணு குழாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

மூடித் திறந்தார்கள். படத்தைக் கொஞ்சம் நேராக்கினார்கள். இஸ்மாயில் பாய் குழாயில் காதை வைத்துப் பார்த்துக் காதை நனைத்துக்கொண்டார். பிரசன்னாவுக்குக்கூட டெமோவாவது வந்தது. "பாவம்," என்றார் சுலோசனா. நிஜமாகவே பாவப்பட்டுத்தான் சொன்னார். "தண்ணியே முடிவு பண்ணிடுச்சு. நாம ஒண்ணும் தப்பு பண்ணல." நாளை மாலை விதிப்படி இறக்கிவிட்டு வர்ஷாவை உள்ளே மாட்டலாம் என்றான் விஷ்ணு. சத்தம் இல்லை என்று அகல்யா எழுதினாள். கீழே தேதியும் போட்டாள்.

வீட்டில் வேம்புலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். "இன்னா, உங்க நைனாவ ஃபெயில் பண்ட்டாங்களா?"

அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார். "செரி, யாரு ஆட்னது?"

"யாரும் ஆடல. குழாயைத் தொறந்துட்டு நின்னாங்க."

வேம்புலிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. "அப்புறம் இன்னாத்த கேக்கும்? மொத கால் வைக்காம நான் எப்பமே அட்சிக்கிறேன்? எவன் எப்படி ஆடறான்னு பாத்துதான் அடியே. நாலு பேர் கைய கட்டிகினு மொறச்சிகினு நின்னா, நானே வந்து நின்னாலும் அட்சிருக்க மாட்டேன்." பிறகு ஊறுகாயை நகர்த்தி வைத்துக்கொண்டு, குரலைக் குறைத்துச் சொன்னார். "உடுமே. ஸ்டுடியோக்காரன் படம் சூப்பராப் புட்ச்சிக்கிறான். ஊட்ல மாட்டிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாலை குழு படத்தை இறக்க வந்தது. விஷ்ணு ஸ்டூல்மேல் ஏறியும்விட்டான். அகல்யா கூட்டத்தில் அதுவரை தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒரு நிமிஷம் மேடம். வேம்புலி எங்க நைனா. முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. அதனால நான் சொல்றதைக் கொஞ்சம் கழிச்சே எடுத்துக்குங்க. அவர் முதல்ல அடிக்க மாட்டார். யாராவது கால் வெச்சாத்தான் அடிப்பார்."

சுலோசனா அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விஷ்ணு ஸ்டூலிலிருந்து இறங்கினான். "செரிங்க, யாரு ஆடறது?" என்றான். யாரும் நகரவில்லை. தினேஷ் தொட்டியை அண்ணாந்து பார்த்தான். இஸ்மாயில் பாய் முழங்காலைத் தடவிக்கொண்டு எழ முயன்றார்.

அகல்யா குறிப்பேட்டை மூடி நாற்காலியில் வைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட ஆடாதவள், குழாயைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இடது காலை முன்னால் வைத்தாள். தண்ணீர் ஒரு தடவை திக்கியது. வலது காலை வைத்தாள். தாளம் தப்பிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. நின்றுவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஒரு அடி விழுந்தது. அவள் கால் வைத்த தப்பான இடம்தான் சரியான இடம் என்பதுபோல விழுந்தது. அடுத்த காலையும் அப்படியே வாங்கிக்கொண்டது. மூன்றாவது அடிக்குக் குழாய் அதிர்ந்து, தண்ணீர் கட்டு அவிழ்த்துவிட்டதுபோலப் பாய்ந்து, மேளம் முழுசாக வந்தது. அகல்யா கண்ணைத் திறந்தபோது தினேஷ் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு எதிரில் ஆடிக்கொண்டிருந்தான். போன வருஷம் தன் அப்பாவின் பாடைக்கு முன்னால் வீட்டிலிருந்து சுடுகாடுவரை இதே மேளத்துக்குத்தான் அவன் ஆடினான், ஊரே பார்த்தது. விஷ்ணு ஃபோனில் படம் பிடிக்கத் தொடங்கி, கால் நிற்காமல் ஃபோனைப் பையில் போட்டான். இஸ்மாயில் பாய் உட்கார்ந்தபடி தோளால் ஆடினார். சுலோசனா மட்டும் அசையவில்லை. அவர் மடியிலிருந்த கைப்பை ஆடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் களைத்து நின்றதும் மேளமும் நின்றது. தண்ணீர் சும்மா ஓடியது. சுலோசனா யோசித்துவிட்டுக் கேட்டார். "ஆடலேன்னா சத்தம் வராதுதானே?"

"வராது மேடம்."

"அப்போ யாருக்கு என்ன கஷ்டம்? ஆடறவங்க ஆடட்டும், குளிக்கிறவங்க குளிக்கட்டும்." கையைத் தூக்கினார். மற்ற மூவரும் தூக்கினார்கள். தினேஷ் கடைக்குப் போய் டிரில்லர் மெஷினை எடுத்துவந்து, மணவாளன் படத்துக்குப் பக்கத்தில் தானே துளை போட்டு, படம் கோணலாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தான். வர்ஷாவுக்கு வயது இருக்கிறது என்றார்கள். விஷ்ணு அதை முழுதாக ஒத்துக்கொள்ளாமல், ஒரு நாளைப் பகல், இரவு என்று இரண்டாகப் பிரிக்க ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

போகியன்று, முதல் திங்கட்கிழமை, கொல்லைமேட்டில் பெரும்பாலான வீடுகளில் வெறும் தண்ணீர்தான் வந்தது. மக்கள் ஆடாமல் அசையாமல், பரீட்சை எழுதுவதுபோலக் குளித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, சோப்பில் வழுக்கிக் காலை மாற்றி வைத்த ஒருவர் வீட்டில் இரண்டு அடி கேட்டது. மாசி பிறப்பதற்குள், திங்கட்கிழமை காலைகளில் நாலு மாடிக் குளியலறைகளிலும் தொம் தொம்மென்று கேட்கத் தொடங்கியது. கரையான்சாவடிக் கடைகளில் வழுக்காத ரப்பர் மிதியடி ஞாயிற்றுக்கிழமைதோறும் தீர்ந்துபோயிற்று. விஷ்ணுவின் அம்மா பெட்டி கட்டிக்கொண்டு ஊரோடு போய்விடவில்லை. ஒரு தடவை போனபோதும் திங்கட்கிழமைக்குள் திரும்பி வந்தார். சுலோசனா வீட்டில் எதுவும் கேட்பதில்லை என்று அவர் சொல்கிறார். கீழ்வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். திங்கட்கிழமை மட்டும் மோட்டார் போடாமலே தண்ணீர் மேல்மாடிக்கு ஏறுவதைப் பார்க்க வாரியத்து இன்ஜினீயர் மறுபடி வந்தார்; காற்றடைப்பு என்று எழுதிக்கொடுத்தார். வேம்புலி மாத்திரம் திங்கட்கிழமை அசையாமல் நின்று குளிக்கிறார். வேலையை ஊட்டுக்குக் கொண்டாந்தா சரிப்படாது என்பது அவர் கட்சி. வெளியில் யாராவது மகள் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டால், "சர்க்கார் பரீட்சைக்குப் பட்சிகினு கீறா, திங்கக்கெழம ஆடுவா," என்கிறார். பாடியில் ஸ்டோர்ஸில் யாரோ அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு அகல்யா, சாவு மேளம் என்றாள். கேட்டவர் தன் மாமனார் இழுத்துக்கொண்டு கிடப்பதாகச் சொல்லி நம்பரை வாங்கிக்கொண்டார்.

2025 ஜூன் 15, ஞாயிறு. நாகஸ்வரம் நன்றாக வந்தது. சுருக்கெழுத்தில் வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது; சரியாக எண்ணினேனா என்று தெரியவில்லை. நாளை நைனா முறை. குளிக்கக் கூடுதல் நேரம் ஆகும். அலாரத்தை ஐந்தேகாலுக்கு வைக்க வேண்டும்.